ஒரு சங்கிலி தூரத்து வட்டம்

மகனே,

இவ்விடம் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும் என்று தொடங்க இன்று எனக்குக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலி உனக்குத் தெரிந்ததுதான். பிரிக்பீல்ட்ஸில் பத்து நாளாக விடாத மழை. துணி காயவில்லை என்று உன் அம்மா என்னைத் திட்டுகிறாள், மழையை நான்தான் வரவழைத்தேன் என்பது போல. புதன்கிழமை உன் கடிதம் வந்தது. கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அதோடு மடித்து வைத்திருந்த வரைபடத்தைக் காட்டவில்லை. அதைப் பிரித்துப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலை கசந்தது. எழுந்து போய்ச் சாக்கடையில் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். மறுபடியும் அதே அருவருப்பு. உன்மேல் என்று நினைக்காதே. உன்மேலும்தான், ஆனால் முதலில் என்மேல். வரும் வெள்ளிக்கிழமை அந்தப் படத்திலுள்ள கோட்டில் மர முளை அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒரு தடவை முழுதாகப் படித்துவிடு. நீளம்தான், பொறுத்துக்கொள்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் நீ அளவு வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே ஒரே கிணறு. மேட்டு லயத்து வரிசைவீட்டு ஜனமும் பள்ளத்து லயத்து ஜனமும் அதிலேயே இறைத்தார்கள். மேட்டு லயத்துக் கங்காணிமார் துரையிடம் போய் முறையிட்டார்கள், துரை உன்னைக் கூப்பிட்டு ஏதாவது வழி செய் என்றார். பழைய கிணறு மேட்டுக்கு என்று வைத்து, பள்ளத்துப் பக்கம் இரண்டாவது கிணற்றுக்கு நீ இடம் குறித்தாய். இரண்டு கிணற்றுக்கும் சமதூரத்தில் உள்ள புள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு நேர்கோடு வரும். அந்தக் கோட்டில் முளை அடித்து, இந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் இந்தக் கிணறு, அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் அந்தக் கிணறு, தாண்டி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்று ஏற்பாடு. "யாருக்கும் பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டுத் தூரத்துக் கிணற்றுக்கு நடக்கும் கஷ்டம் இல்லை அப்பா, இதைவிட நியாயமாக ஒரு கோடு போட முடியாது" என்று எழுதியிருக்கிறாய். தோட்டத்து அளவுச் சங்கிலி இழுபட்டு நீண்டுபோனதால் என் பழைய சங்கிலியை அனுப்பச் சொல்கிறாய்.

பெட்டியைத் திறந்து என் கவராயத்தை எடுத்தேன். தப்பு ஒன்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? இருந்திருந்தால் "மடையா, திருத்து" என்று இரண்டு வரி எழுதிக் கதையை முடித்திருப்பேன். கோட்டில் பத்து இடத்தில் ஊன்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மயிரிழை பிசகவில்லை. நிலத்தின் சரிவைக்கூடக் கழித்திருக்கிறாய். சர்வே ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் படம் வரைந்த எனக்கே இவ்வளவு சுத்தமாக வராது. அப்புறம்தான் புதுக் கிணறு இருக்கும் இடத்தைப் பார்த்தேன். பாறை என்று நீயே குறித்திருக்கிறாய். முப்பது அடி தள்ளினால் மண் இளகல், ஊற்றும் உண்டு. ஆனால் தள்ளினால் கோடு சாய்ந்து பள்ளத்து லயத்தின் நடுவே போகும், ஆறு வீடுகள் மேட்டுக் கிணற்றின் பங்குக்கு வந்துவிடும். அதனால் பாறையை உடைக்கச் சொல்லிவிட்டாய். கிணற்றைப் பார்த்து நீ கோடு போடவில்லை. கோட்டை எங்கே வேண்டுமோ அங்கே வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற இடத்தில் கிணறு தோண்டுகிறாய். பள்ளத்து லயத்தில் இருப்பவர்கள் யார் என்று நீ எழுதவில்லை. கோயிலுக்குள் நாம் விடாத ஜனம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எனக்குப் பாடம் நடத்தினாய். "வட்டம்னா என்னப்பா?" என்று கேட்டாய். கவராயம் சுற்றினால் வருகிற கோடு என்றேன். சிரித்தாய். கவராயமே வேண்டாம், பென்சிலும் வேண்டாம் என்றாய். ஒரு தளத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து இத்தனை தூரம் என்று ஒரு நிபந்தனை சொல்ல வேண்டும். அந்த நிபந்தனைக்கு அடங்குகிற புள்ளிகள் எல்லாம் சேர்ந்த கூட்டம்தான் வட்டம். யாரும் வரையாவிட்டாலும் அது இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு லோக்கஸ் என்று பேர் என்றாய். நிபந்தனையைச் சொல்லிவிட்டால் தளத்திலுள்ள எந்தப் புள்ளியும் தப்ப முடியாது, ஒன்று உள்ளே, இல்லை வெளியே, இல்லாவிட்டால் கோட்டின்மேல் என்று ரசம் சொட்டும் விரலால் பலகையில் காட்டினாய். கடைசியில் ஒன்று சொன்னாய்: "மையம் வட்டத்தைச் சேந்தது இல்லப்பா. அது நடுவுல இருக்கும், அவ்வளவுதான்." நான் பாதிச் சோற்றில் எழுந்து போனேன். மகனிடம் பாடம் கேட்பதில் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை. அதற்குப் பத்து வருஷம் முன்பு நான் ஒரு வட்டம் போட்டிருந்தேன்.

உனக்கு மூன்று வயது. நம் கோயில் அப்போதுதான் தகரக் கொட்டகை போய்ச் செங்கல் சுவர் ஆகியிருந்தது. சுவர் வந்ததும் கமிட்டிக்காரர்களுக்குக் கௌரவமும் வந்துவிட்டது. கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போன நகராட்சிக் கூலிகள் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தலைவர். அறுபது அடி என்றார் ஒருவர், எண்பது என்றார் இன்னொருவர். அந்தக் கூட்டத்தில் படித்தவன் என்று முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த உன் அப்பனாகிய நான் எழுந்து, "ஒரு சங்கிலி தூரம்னு வச்சிக்குங்க. அறுபத்தாறு அடி. அளக்கச் சுலபம்" என்றேன். யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று யோசித்துச் சொல்லவில்லை. என் சங்கிலி அந்த நீளம், அவ்வளவுதான் காரணம். நூறு இரும்புக் கண்ணி, இரண்டு முனையிலும் பித்தளைப் பிடி. எல்லாரும் தலையாட்டினார்கள். அறிவாளி என்று தலைவர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு இனித்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் சங்கிலியையும் அதைப் பிடிக்கும் சங்கிலியாளையும் கூட்டிக்கொண்டு போனேன். சங்கிலியாள் சடையன். பதினோரு வருஷம் என்னோடு காட்டிலும் மேட்டிலும் நடந்தவன், என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அவன் எந்த ஜனம் என்று நீ இப்போது ஊகித்திருப்பாய். தன்னை எங்கே நிறுத்துவது என்று அளக்கத்தான் அவன் அன்று வந்தான். எனக்கு அது உறைக்கவில்லை. சங்கிலியாள் இல்லாமல் எப்படி அளப்பது? மூலஸ்தானத்தை மையமாக வைக்க வேண்டும். சங்கிலியை உள்ளே கொண்டுபோகப் பார்த்தேன். அர்ச்சகர் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "அவன் தொட்ட சங்கிலி. உள்ள வரப்படாது." இரும்பில் தீட்டு ஓடுமா ஓடாதா என்று அரை மணி நேரம் பேசினார்கள். கயிறு என்றால் ஓடும், இரும்பு என்றால் ஓடாது என்றார் தலைவர். இரும்பிலும் ஓடும், பித்தளையில்தான் ஓடாது என்றார் அர்ச்சகர். பிடி மட்டும்தானே பித்தளை என்று யாரோ கேட்டார். அறிவுள்ள ஆண்பிள்ளைகள் ஏழு பேர், வெயிலில் நின்று, குரலை உயர்த்தி, இதைப் பேசினோம். சடையன் மறுமுனையைப் பிடித்தபடி, கூப்பிடும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சுவருக்கு வெளியே செங்குத்துக் கோடு எடுத்து மையத்தை உள்ளே போகாமலே குறிக்க எனக்குத் தெரியும். அது என் தொழில். ஒரு மணி நேர வேலை கூட. ஆனால் வெயில் ஏறிவிட்டது, வீட்டில் கறி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். "கொடிமரமும் சாமிதான், அங்கயே நில்லுங்க" என்றார் தலைவர். நின்றேன். கொடிமரம் மூலஸ்தானத்துக்கு முப்பது அடி முன்னால், தெருப் பக்கம். நான் அங்கே ஒரு பிடியைப் பிடித்தேன். சடையன் மறு பிடியைப் பிடித்துச் சங்கிலியை இழுத்து விறைப்பாக்கி, ஒரு முளை அடித்து, பத்தடி பதினைந்தடி நகர்ந்து, மறுபடி விறைப்பாக்கி, இன்னொரு முளை அடித்து, கோயில் சுவர் மறித்த பின்பக்கம் தவிர ஒரு சுற்று வந்தான். இருபத்துநாலு முளை. இருபத்துநாலும் அவன் கையால் அடித்தது. நான் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தேன், அவன் முகம் எப்போதும் எனக்கு நேராக, எப்போதும் அதே தூரத்தில். பத்து வருஷம் கழித்து நீ சோற்றுத் தட்டுக்கு முன்னால் வட்டம் என்றால் என்ன என்று சொன்னபோது எனக்குத் தெரிந்தது அந்த முகம்தான்.

மறுநாள் ஆபீசில் அதைச் சுத்தப் படமாக வரையும்போது விஷயம் தெரிந்தது. மையத்தை முப்பது அடி முன்னால் தள்ளியதால் வட்டமும் முப்பது அடி தெருவுக்குள் வந்துவிட்டது. தெருவோரத்து நகராட்சிக் குழாய், மூலஸ்தானத்திலிருந்து எண்பதடி, வெளியே இருந்திருக்க வேண்டியது, உள்ளே மாட்டிக்கொண்டது. சடையன் வீடு உட்பட அந்த ஜனத்தின் பதினாலு குடும்பத்துக்கும் அந்தக் குழாய்தான். படத்தில் தண்ணீர்க்குழாய் என்று நீல மையில் நானே எழுதினேன். எழுதிவிட்டு வாயைத் திறக்கவில்லை. முளையைப் பிடுங்கி மறுபடி அடிக்கச் சொன்னால் அளக்கத் தெரியாதவன் என்று சிரிப்பார்களே. அந்த வருஷத் திருவிழாவில் எனக்கு முதல் திருநீறும் ஒரு சரிகை வேட்டியும் கிடைத்தன. அந்த வேட்டியை இரண்டு தீபாவளிக்குக் கட்டினேன்.

அந்தப் பதினாலு குடும்பமும் தண்ணீருக்கு ஆற்றுக்குப் போக ஆரம்பித்தன. மழைக்காலத்தில் அந்த ஆறு எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும். ஊர் அழுக்கு முழுவதும் அதில்தான். உன் அம்மா நான்கு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் குழாயில் இரண்டு குடம் பிடித்து, முளைக்கு வெளியே நின்ற சடையன் பெண்சாதி பூவாயியின் குடத்தில் ஊற்றிவிட்டு வந்தாள். அடுத்த நாளும் ஊற்றினாள். அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. "ஒங்க வீட்ல தண்ணி ஊத்துறாங்களாமே" என்று தலைவர் கடையில் வைத்துக் கேட்டார், சிரித்துக்கொண்டேதான். வீட்டுக்கு வந்து நான் உன் அம்மாவின் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். அவளை நிறுத்தியது கமிட்டி இல்லை. நான். அந்த மழை முடிவதற்குள் சடையனின் சின்னப் பையன், உன் வயதுக்காரன், மூன்று நாள் பேதியில் போய்விட்டான். ஆற்றுத் தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் எனக்குள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உன் அம்மா மட்டும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இரண்டு வருஷத்தில் முளைகள் உளுத்துப் போயின. சிலதைப் பிள்ளைகள் பிடுங்கி விளையாடினார்கள், மற்றதை யாரோ அடுப்பில் வைத்தார்கள். ஒரு முளைகூட மிஞ்சவில்லை. ஆனால் அந்த ஜனம் அதே இடத்தில் நின்றது. ஒரு நாள் வேண்டுமென்றே நின்று பார்த்தேன். தலையில் சுமையோடு வந்த ஒரு கிழவர், கோடும் இல்லாத முளையும் இல்லாத தரையில், சரியாக என் அறுபத்தாறாவது அடியில் நின்று, சுமையை இறக்கி, கும்பிட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். யாரும் வரையாவிட்டாலும் அது இருக்கிறது என்று நீ சொன்னாயே, அது எனக்கு முன்பே தெரியும்.

இத்தனை வருஷமாக எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. மையம் தப்பு. மூலஸ்தானத்தில் வைத்திருந்தால் குழாய் வெளியே போயிருக்கும், பையன் பிழைத்திருப்பான், எல்லாம் முறைப்படி இருந்திருக்கும். சோம்பேறித்தனம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிசகு என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி அதில் சாய்ந்துகொண்டிருந்தேன். புதன்கிழமை உன் படம் வந்து அதையும் பிடுங்கிவிட்டது. ஏனென்றால் உன்னுடையதில் பிசகே இல்லை. பிசகில்லாமல் போட்டாலும் ஒரு ஜனத்தை வெளியே நிறுத்தத்தான் செய்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். உத்தியோகம் விட்டபோது எனக்குக் கொடுத்த பழைய ஆபீஸ் சங்கிலி, அதே சங்கிலி, சாக்கில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்: அங்கிருந்து யார் மூலமாவது உனக்குக் கொடுத்தனுப்பத்தான் எடுத்துப் போனேன். மகன் வேலை கெடக்கூடாது என்ற நினைப்பு அப்போதும் எனக்கு இருந்தது. சடையன் கிள்ளானில் மகள் வீட்டில் இருப்பதாக முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அவன் இவன் என்றே இதுவரை எழுதிவிட்டேன், பழக்கம். வாசலில் உட்கார்ந்து முறம் கட்டிக்கொண்டிருந்தார். பூவாயி போய் ஏழு வருஷமாம். "அளவு ஐயாங்களா?" என்று எழுந்தார். வீட்டுக்குள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்கலாமுங்களா?" என்றார். கேட்பதற்கே அனுமதி கேட்டார். குடித்தேன். பிறகு சொன்னேன்.

"சடையா, அன்னைக்கிப் போட்ட வட்டம் தப்பு. கொடிமரத்துல நின்னுட்டேன். மூலஸ்தானத்துல இருந்து அளந்திருந்தா கொழா ஒங்களுக்கு விட்டுப் போயிருக்கும்."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"நாந்தானங்க சுத்தி நடந்தேன். அஞ்சாவது மொளை அடிக்கிறப்பவே பாத்தேன், கொழா உள்ளாற போயிருச்சுன்னு."

"ஏன் சொல்லல?"

"பயந்தான். வேற என்னங்க." முறத்தைத் திருப்பி ஒரு மூங்கில் சிம்பை நுழைத்தார். "அப்பறமா நெறைய நாள் நெனச்சுப் பாத்திருக்கேன். சொல்லியிருந்தா நீங்க சரியாப் போட்டிருப்பீங்க. பையன் இருந்திருப்பான், அது நெசம். ஆனா அந்த மொளையையும் நாந்தானங்க அடிச்சிருப்பேன்."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை ரயிலில் வரும்போது தயார் பண்ணி வைத்திருந்தேன். அதை எடுத்துக் காட்டவே வெட்கமாக இருந்தது. அவர்தான் சாக்கைப் பார்த்து என்ன என்று கேட்டார். அவிழ்த்தேன். கண்ணிகளைக் கையால் தடவிப் பார்த்து, துரு ஏறாமல் வைத்திருக்கிறீர்களே என்றார். பழக்கத்தில் வெளிமுனைப் பிடியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "என் மகன் கேட்டிருக்கான்" என்றேன். "தம்பியும் அளவு வேலைங்களா? நல்லதுங்க. எதுக்குக் கேக்குறாரு?" என்றார்.

மேட்டு லயம், பள்ளத்து லயம், சமதூரம், நியாயமான கோடு, எல்லாம் எனக்குத் தெரியும். உன் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. மற்றப் பிடியையும் அவர் கையிலேயே கொடுத்து, வைத்திரு, அவன் வந்து வாங்கிக்கொள்வான் என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

ஆகவே சங்கிலி என்னிடம் இல்லை. கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பின்புறம் தண்டவாளத்தை ஒட்டிப் போகும் சந்தில் மூன்றாவது வீடு, வாசலில் முறங்கள் அடுக்கியிருக்கும். உன் தோட்டத்திலிருந்து சைக்கிளில் போய் வரும் தூரம்தான். வெள்ளிக்கிழமைக்குள் உனக்குச் சங்கிலி வேண்டுமென்றால் நேரில் போய்க் கேள். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், கொடுத்துவிடுவார். எதுக்கு என்று மட்டும் கேட்பார். நீ சொல்.

உன் அப்பா